ஈரம் பார்த்து அறுப்பு: ஜப்பானிய நெல் வயலில் கைகொடுக்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் நெல் அறுப்புக்கு உதவப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது காத்திருப்பதற்கு. வரச்சொன்ன நேரம் காலை 8 மணியாக இருக்கும். இயந்திரம் வயலில் இறங்க 10 மணி ஆகிவிடும். மேகம் மூடிய நாளென்றால் 11 ஆனாலும் ஆகும். காரணம் பனி. கதிரும் தாளும் நனைந்திருக்கும்போது அறுத்தால், ஈரத்தாள் இயந்திரத்துக்குள் அடைத்துக்கொள்ளும். நெல்மணிகள் தாளோடு ஒட்டி வெளியேறி வீணாகும். உள்ளே விழும் நெல்லை உலர்த்தவும் கூடுதல் நேரமும் எண்ணெயும் செலவாகும். வயல்காரர் வரப்பில் நின்று ஒரு கொத்துத் தாளைக் கையால் உருவிப் பார்ப்பார். கை நனையாவிட்டால்தான் சாவியைத் திருப்புவார்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. அறுப்பு நாளில் நம்மை என்ன செய்யச் சொன்னாலும், என்ன செய்யாதே என்று தடுத்தாலும், பத்தில் எட்டுக்குப் பின்னால் இருப்பது ஈரத்தின் கணக்குதான். வயலில் நிற்கும் நெல்லின் ஈரப்பதம் 20 முதல் 25 சதவீதம். மூட்டையில் ஏறும்போது அது 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். இடையில் உள்ள அந்த ஐந்து முதல் பத்துச் சதவீதத்தை எங்கே, எவ்வளவு வேகத்தில் இறக்குகிறோம் என்பதில்தான் அரிசியின் தரம் நிற்கிறது. இது புரிந்துவிட்டால் மொழி அரைகுறையாக இருந்தாலும் வயலில் உருப்படியாக வேலை செய்யலாம்.

நாள் குறிப்பதிலும் இதே கணக்கு வரும். கதிர் வெளிவந்த நாளிலிருந்து அன்றாடச் சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போய், கூட்டுத்தொகை 1000 டிகிரியை நெருங்கும்போது கோஷிஹிகாரி என்ற நெல் இரகம் அறுப்புக்குத் தயார் என்பது பொதுவான அளவு. கோடையின் சூட்டைப் பொறுத்து இது 40 நாள் அளவில் வரும். கண்ணால் பார்ப்பவர்கள், கதிரில் 85 முதல் 90 சதவீத மணிகள் மஞ்சளானதும் அறுப்பார்கள். எல்லா மணியும் பழுக்கட்டும் என்று காத்திருந்தால், முதலில் பழுத்தவை வயலிலேயே காய்ந்தும் நனைந்தும் உள்ளே விரிசல் விட்டுவிடும். சிபாவில் ஆகஸ்ட் கடைசியிலேயே அறுப்பு தொடங்கிவிடும். நீகாத்தாவின் மலைப்பக்கத்தில் செப்டம்பர் நடுவில். கியூஷுவில் பெரும்பாலும் அக்டோபரில். புயல் பருவமும் அப்போதுதான் என்பதால் தேதி மாறிக்கொண்டே இருக்கும். உதவிக்கு வருகிறேன் என்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளை ஒதுக்கிவைத்துச் சொல்வதுதான் வயல்காரருக்கு உண்மையான உதவி.

பனி காயும் வரை செய்ய வேண்டியவை

இந்த இரண்டு மணி நேரமும் சும்மா நிற்கும் நேரமல்ல. முதல் வேலை மின்வேலி. மலையடிவார வயல்களில் காட்டுப்பன்றிக்காகத் தரையிலிருந்து 20 செ.மீ., 40 செ.மீ. உயரங்களில் இரண்டு கம்பிகள் ஓடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக வயல்காரர் வாயால் சொல்லும் வரை அதைத் தாண்டக் கூடாது. மாலையில் புறப்படும்போது இதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும். பக்கத்து வயல் இன்னும் அறுக்கப்படாமல் இருந்தால் இது மிக முக்கியம். கம்பியில் சாய்ந்து கிடக்கும் ஒரு பிடி வைக்கோல் போதும், மின்சாரம் மண்ணுக்கு இறங்கி வேலி செத்துவிடும். அன்றிரவே பன்றி நுழையும். பன்றி புரண்ட இடத்துக் கதிரில் அதன் நாற்றம் ஏறிவிடுவதால், பெரும்பாலான விவசாயிகள் அந்தப் பகுதியை மற்ற நெல்லோடு சேர்ப்பதே இல்லை.

இரண்டாவது, களை பிடுங்குவது. நெல்லுக்கு மேலே தலை நீட்டி நிற்கும் குதிரைவாலி இனப் புல்லை எளிதில் அடையாளம் காணலாம். அதைவிடத் தொல்லை கொடுப்பது குஸானேமு என்ற செடி. தஞ்சாவூரில் கைவினைப் பொருள்கள் செய்கிறார்களே, அந்த நெட்டிச் செடியின் நெருங்கிய உறவு இது. புளிய இலை போன்ற இலையும், கணுக்கணுவாக உடையும் காயும் இருக்கும். இதன் கரிய விதை ஏறக்குறைய உமி நீக்கிய அரிசியின் பருமனில் இருப்பதால் சல்லடையில் பிரியாது. முதல் தர அரிசியில் நிறம் மாறிய மணிகள் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆயிரத்துக்கு ஒன்றுதான் அனுமதி. நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சிக் கரும்புள்ளி விழுந்த மணிகளும் அந்தக் கணக்கில்தான் வரும். தரக் கட்டுப்பாடு இவ்வளவு இறுக்கமாக இருப்பதால், இந்த விதையும் கலந்துவிடாமல் இயந்திரம் வருவதற்கு முன்பே செடியை வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே போடுவது பெரிய உதவி.

மூன்றாவது மூலை அறுப்பு. உதவிக்கு வருகிறவர்கள் கையில் அரிவாள் ஏறுவது இங்கேதான். இயந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்பதால் வயலின் நான்கு மூலைகளையும், ஏறி இறங்கும் வாசலையும் கையால் அறுத்து வைப்பார்கள். அளவு இயந்திரத்தின் நீளத்தைப் பொறுத்தது. இரண்டு வரிசை அறுக்கும் சிறிய காம்பைன் அறுவடை இயந்திரத்துக்கு ஒவ்வொரு மூலையிலும் இரண்டு முதல் மூன்று மீட்டர் சதுரம் இருந்தால் போதும்.

இங்கே பயன்படுவது நம் ஊர்க் கருக்கரிவாளைப் போலப் பல் வைத்தது. ஆனால் சிறியது, இலேசானது. நோகோகாமா என்பார்கள். பல் வைத்த அரிவாளை வீசக் கூடாது, இழுக்க வேண்டும். இடது கையால் குத்தை, அதாவது ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும் நெல் தாள்களை, பிடிக்கும்போது கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கட்டும். கட்டைவிரலைக் கீழே வைத்துப் பிடிப்பது பலருக்கும் தானாக வரும். அப்படிப் பிடித்தால், இழுப்பு கொஞ்சம் தவறினாலும் அரிவாளின் பல் நேராக விரலுக்கு வரும். முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தி, தரையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. விட்டு, அரிவாளைத் தன் பக்கமாகச் சற்றே மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். இழுக்கும் பாதையில் கால் இருக்கக் கூடாது. நடவு இயந்திரம் வரிசைக்கு வரிசை 30 செ.மீ., குத்துக்குக் குத்து 15 முதல் 20 செ.மீ. என்று நட்டிருக்கும், ஒரு பிடியில் மூன்று நான்கு குத்துகள் அடங்கும். ஆளுக்கு ஆள் நான்கு வரிசைக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அறுத்த அரிகளை (கைப்பிடிக் கொத்துகளை) அடிப்பக்கம் ஒரே திசை பார்க்கும்படி, இயந்திரம் மிதிக்காத இடத்தில் அடுக்குங்கள்.

காம்பைன் ஓடும்போது

ஜப்பானியக் காம்பைன் தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் பெரிய இயந்திரங்களைப் போலப் பயிரை முழுதாக விழுங்காது. ஒரு சங்கிலி தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக, கதிர்ப்பகுதி மட்டும் உள்ளே நுழைந்து அடிபடும். தாள் வெளியே வந்து துண்டுகளாக நறுக்கப்பட்டு வயலிலேயே விழும். வயல்காரர் பெரும்பாலும் வெளியோரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி வருவார். அவர் பார்வைக்குத் தெரியாத பின்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

மூலையில் அறுத்து வைத்த அரிகளை இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தி, அந்தச் சங்கிலியில் கையால் கொடுத்துக் கதிரடிப்பார்கள். அறுப்பு நாளில் மிக ஆபத்தான வேலை இதுதான் என்று அழுத்தமாகச் சொல்வேன். சங்கிலி தாளைப் பிடித்தால் விடாது. கையுறையின் நுனியையோ சட்டைக் கைப்பட்டியையோ பிடித்தாலும் விடாது. தொளதொளப்பான பருத்திக் கையுறையோடு இந்த வேலையைச் செய்யவே கூடாது. கழுத்துத் துண்டைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் பூட்டுங்கள். அரியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடித்தாளைப் பிடித்துக் கொடுத்து, சங்கிலி பற்றிய மறுகணமே கையை எடுத்துவிட வேண்டும். தள்ளிவிடும் வேலை கைக்குக் கிடையாது. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்பதை அன்று காலையிலேயே கேட்டு, தொட்டும் பார்த்துவிடுங்கள். அடைத்துக்கொண்டால் என்ஜினை முழுவதுமாக நிறுத்தி, எல்லாம் சுழன்று ஓய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். இந்த இடத்தில் விவசாயியே அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

சிறிய காம்பைனில் நெல் மூட்டையாக இறங்கும். பச்சை நெல் ஒரு பையில் 25 கிலோ அளவில் இருக்கும். வாயைக் கட்டிய பைகளை வெயிலில் அடுக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவது பெருந்தவறு. அறுத்த பிறகும் நெல் மூச்சு விடும். ஈரத்தோடு மூட்டைக்குள் அடைபட்டால் சில மணி நேரத்திலேயே சூடேறி, அரிசி பழுப்பாகி வாடை அடிக்கும். நான்கைந்து மணி நேரத்துக்குள் உலர்த்தியில் ஏற்றிவிட வேண்டும். உலர்த்தியில் இடமில்லையென்றால் பைகளின் வாயைத் திறந்து, நிழலில், ஒன்றின் மேல் ஒன்று இல்லாமல் நிறுத்துங்கள். கையைப் பைக்குள் விட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

ஏற்றிச் செல்வது கேய் டிரக் என்ற சிறிய சரக்கு வண்டி. சட்டப்படி அதன் சுமை 350 கிலோ. பச்சை நெல் என்றால் 14 பை. உமி நீக்கிய அரிசியின் 30 கிலோ பை என்றால் 11. இடம் மிச்சமிருக்கிறதே என்று மேலும் அடுக்கினால் மலைச்சரிவில் பிரேக் தாங்காது. சாதாரண அரிசியும் ஒட்டரிசியும் விளையும் வீட்டில், பையில் எழுதிய இரகப் பெயரைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். ஒட்டரிசி கொஞ்சம் கலந்தாலும் மொத்தமும் தரம் இறங்கிவிடும் என்பதால், இரகம் மாறும்போது காம்பைனின் உட்புறத்தையே ஊதித் துடைப்பார்கள்.

கழியில் காயவைக்கும் வயல்கள்

படிக்கட்டு வயல்களில் இன்னும் கையால் அறுத்து, கழியில் தொங்கவிட்டு வெயிலிலும் காற்றிலும் காயவைக்கிறார்கள். வெளியாட்கள் ஒரு துண்டு வயலுக்குக் கட்டணம் கட்டி நடவிலும் அறுப்பிலும் பங்கெடுக்கும் ஏற்பாட்டை 1992இல் கோச்சி மாவட்டத்தின் யுஸுஹாரா தொடங்கிவைத்தது. இன்று சிபாவில் கமோகாவாவின் ஓயாமா, மியேயில் குமானோவின் மாருயாமா என்று பல ஊர்களில் இது நடக்கிறது. யாரையும் தெரியாத புதியவர் அறுப்பு பழக இதைவிட நல்ல வாசல் இல்லை.

இங்கே எல்லாம் கட்டும் முறையில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு குத்துகள் சேர்ந்தால் ஒரு கட்டு. இரண்டு மூன்று அரிகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றுக் குறுக்காக வைத்தால், பிறகு பிரிக்க எளிது. போன ஆண்டு வைக்கோலைத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். காய்ந்த வைக்கோல் முறுக்கினால் ஒடியும். மூன்று நான்கு தாள்களை எடுத்து, கட்டின் அடியிலிருந்து ஒரு சாண் மேலே சுற்றி, முழங்காலால் கட்டை அமுக்கிக்கொண்டு இறுக்கி, இரண்டு முனைகளையும் சேர்த்து இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, முறுக்கிய நுனியைச் சுற்றிய வைக்கோற்பிரிக்கு அடியில் செருகிவிட வேண்டும். முடிச்சு வேண்டாம். இப்போது போதும் என்று தோன்றும் இறுக்கம் போதாது. தாள் காயக்காய மெலியும். ஒரு வாரத்தில் பிரி தளர்ந்து, நடுவிலுள்ள தாள்கள் நழுவி மண்ணில் விழும். கட்டைப் பிடித்து உதறிப் பாருங்கள். ஒரு தாளும் நழுவக் கூடாது.

காயவைக்கும் கழிக்கு நீகாத்தாவில் ஹாஸா என்றும் சிபாவில் ஓடா என்றும் பெயர். மூன்று கால்களைக் கூட்டிக் கட்டிய தாங்கிகளை மண்ணில் ஊன்றி, மேலே மூங்கிலோ குழாயோ போடுவார்கள். மியாகியில் ஒற்றைக் கம்பைச் சுற்றி அடுக்குவதும் உண்டு. பச்சைக் கட்டுகள் மழையில் நனைந்தால் பாரம் தாங்காமல் கழி சரிந்துவிடும். அடர்த்தியான மண்ணில் கால் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, நீளவாக்கில் இரு முனைகளிலும் முட்டுக் கொடுக்க வேண்டும். கட்டை ஆறுக்கு நான்கு என்ற அளவில் இரண்டாகப் பிரித்துக் கழியில் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு கட்டின் பெரும்பகுதி முன்பக்கம் வந்தால் அடுத்த கட்டின் பெரும்பகுதி பின்பக்கம் போகட்டும். ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு காற்றில் விழாது; சரிபாதியாகப் பிரித்தால் இந்தப் பிடிப்பு வராது. கதிர் நுனி தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் இருக்க வேண்டும். ஈரமண்ணையோ நீண்ட புல்லையோ தொட்ட கதிர் தொங்கியபடியே முளைவிடும்.

நல்ல வெயிலில் 10 நாள் முதல் இரண்டு வாரம். மழை விட்டுவிட்டுப் பெய்தால் இன்னும் நீளும். ஈரப்பதமானி 15 சதவீதம் காட்டினாலும் ஓரிடத்தில் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். கழியின் வடக்குப் பக்கத்துக் கதிரையும், கட்டின் நடுவில் அமுங்கிய கதிரையும் தனியாக எடுத்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும்.

உலர்த்தியும் உமி நீக்கமும் வயல்காரரின் பொறுப்பு. ஆனாலும் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மணிக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் ஈரம் இறங்காதபடி மெதுவாகத்தான் உலர்த்துவார்கள். வேகம் கூடினால் மணியின் வெளிப்புறம் சுருங்கி உட்புறம் சுருங்காமல் நடுவே வெடிக்கும். அது தீட்டும்போது குருணையாகும், சோறு குழையும். அதனால்தான் இரவெல்லாம் இயந்திரம் ஓடுகிறது. சூடு ஆறிய பிறகே உமி நீக்குவார்கள். பிறகு 1.85 அல்லது 1.9 மில்லிமீட்டர் சல்லடை; அதற்குக் கீழே விழும் சிறுமணி தனியாகப் போகும்.

உமி நீக்கிய அரிசி 30 கிலோ காகிதப் பைகளில் நிறையும். அவற்றைத் தூக்க ஆள் கிடைப்பது பல வீடுகளில் கடினம். 2020 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் விவசாயத்தை முதன்மைத் தொழிலாகச் செய்வோரின் சராசரி வயது 67.8. இளையவர்கள் வந்து அரை நாள் மூட்டை அடுக்கிக் கொடுத்தாலே அது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். பையின் அடிமூலை ஒன்றையும் அதற்கு எதிர்ப்புற மேல்மூலையையும் பிடித்து, வயிற்றோடு அணைத்து, முழங்காலால் எழுந்திருங்கள். ஈரக்கையோடு காகிதப் பையைத் தொட வேண்டாம்.

உடை, உடம்பு, அனுமதி

நெல்லின் சுணை வியர்வையில் ஒட்டினால் இரண்டு நாளைக்கு அரிக்கும். முழுக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, முகக்கவசம் கட்டாயம். அரிவாள் வேலைக்கு உள்ளங்கையில் ரப்பர் பூசிய, கைக்கு இறுக்கமான கையுறை. கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள்: நெல் இலை நுனி கண்ணில் குத்தினால் கருவிழியில் பூஞ்சைத் தொற்று வரலாம். உறுத்தல் மறுநாளும் இருந்தால் கண் மருத்துவரிடம் போய், நெல் வயலில் குத்தியது என்று சொல்லுங்கள். வரப்புப் புல்லில் மாமுஷி விரியன் கிடக்கும். அறுத்து வைத்த கட்டைத் தூக்கும் முன் காலால் அசைத்துவிட்டுக் கை வையுங்கள். இலையுதிர் காலம் பெரிய குளவிகள் மூர்க்கமாக இருக்கும் காலம் என்பதால் கறுப்பு உடை வேண்டாம். உண்ணி கடித்திருந்தால் பிடுங்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் தேநீர் இடைவேளை உண்டு. ஒனிகிரி என்ற சோற்று உருண்டை வரும், உள்ளே பெரும்பாலும் மீன். சைவம் சாப்பிடுகிறவர்கள் உமேபோஷி என்ற உப்பிட்ட புளிப்புக் காய் ஊறுகாய் வைத்ததையோ வெறும் உப்பிட்டதையோ முன்கூட்டியே கேட்கலாம், ஆனால் உங்கள் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோவது எல்லோருக்கும் நிம்மதி. நாலு பேருக்குச் சேர்த்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

கூலி வாங்கும் வேலையென்றால் விசாவைப் பாருங்கள். மாணவர்களும் குடும்ப விசாவில் இருப்பவர்களும் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கணினித் துறை போன்ற வேலை விசாவில் இருப்பவர்கள் கூலிக்கு வயல் வேலை செய்ய அந்த விசா இடம் தராது. பணத்துக்குப் பதில் அரிசி மூட்டை வாங்கினாலும் அது ஊதியமாகக் கருதப்பட இடமுண்டு என்பதால், ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அன்பளிப்பாக ஒன்றிரண்டு கிலோ புது அரிசி கையில் வந்தால், அது பெரும்பாலும் தீட்டாத அரிசியாக இருக்கும். சாலையோரத்தில் காசு போட்டுத் தீட்டும் சிறு ஆலைகள் உண்டு. நெல்லாகவே கொடுத்திருந்தால் ‘மோமி’ என்று குறித்த இயந்திரத்தில் மட்டும் போடுங்கள். மற்றவற்றில் போட்டால் அடைத்துக்கொள்ளும். தீட்டிய அரிசியைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்து ஒரு மாதத்துக்குள் சமையுங்கள். புது அரிசிக்கு வழக்கமான தண்ணீரில் கொஞ்சம் குறைத்து வையுங்கள். உதிரியாகச் சாதம் வேண்டுமென்றால் இது சரிவராது. வெண்பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அருமையாக இருக்கும்.